பனிமானின் கண்ணுக்கு

முதல் மான் ஒரு குறையும் இல்லாமல் ஆற்றங்கரை வரை நடந்துபோனது. அதன் பின்னால் ஒரு குட்டிகூட வரவில்லை.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த ஸ்டூடியோவில் உட்கார்ந்து கோகிலவாணி அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் தெரிந்தது நார்வேயின் வடகோடி. வெள்ளை வெளியில் மந்தை நின்றது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வண்டி இழுக்குமே, அந்தப் பனிமான்கள்தான். அவற்றுக்கு முன்னால் பூனை உயரத்தில் ஒரு சறுக்கு வண்டி தானாக ஊர்ந்தது. அந்த வண்டியிலிருந்து எழுந்த ஒளிதான் கோகிலா செய்த மான். கிளை கிளையாகக் கொம்பு, கழுத்தில் தொங்கும் மயிர், மூச்சுக்கு மூச்சு ஆவி, எல்லாம் வைத்திருந்தாள். நிஜ மான்கள் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு குனிந்து, குளம்பால் பனியைத் தோண்டித் தின்ன ஆரம்பித்துவிட்டன.

"ஒண்டும் அசையேல்லை அக்கா," என்றது காதில் தர்ஷினியின் குரல்.

தர்ஷினி அந்த வெளியில் நேரில் நின்று வண்டியைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர். யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களுக்கு அங்கேயே பிறந்தவள். பனிக்கு நடுவே நின்றுகொண்டு அவள் அம்மாவின் தமிழைப் பேசுவது கோகிலாவுக்கு ஒவ்வொரு முறையும் ஆறுதலாக இருக்கும்.

"நடையில ஏதாச்சும் தப்பா தர்ஷினி?"

"நடை வடிவா இருக்கு. எனக்கு உண்மையான மான் மாதிரித்தான் தெரியுது. அதுகளுக்குத் தெரியேல்லைப் போல. இஞ்ச மாரெத் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா."

மாரெத் மந்தையின் சொந்தக்காரி. தலைமுறை தலைமுறையாகப் பனிமான் மேய்க்கும் 'சாமி' என்ற வடக்கத்திப் பழங்குடியைச் சேர்ந்த பெண்.

"எதுக்குச் சிரிக்கறாங்க?"

"பெரிய கிடாய்களுக்கு இப்ப கொம்பு இருக்காதாம். குளிர் தொடங்கேக்கையே விழுந்திடுமாம். கொம்போடை நிக்கிறதெல்லாம் பொம்பிளை மான்கள்தானாம். உங்கடை மான் நத்தார் அட்டைக்குள்ளை இருந்து இறங்கி வந்ததோ எண்டு கேக்கிறா."

கோகிலா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். மாரெத் சொன்னதில் பிழையில்லை. அந்த மான் இணையச் சந்தையில் ஆயத்தக் கணினி உருவமாக வாங்கித் திருத்தியதுதான். அங்கே கிடைத்த பனிமான்களில் பாதிக்குக் கழுத்தில் மணி கட்டியிருந்தது. சிலவற்றுக்கு நடக்கவே தெரியாது, பறக்க மட்டும்தான் தெரியும். அவற்றுக்குள் தேறியது இது ஒன்றுதான். இதுவும் தேறவில்லை.

மனிதர்கள் பார்க்கும் படங்களை மனிதர்கள் உருவாக்குவது நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் வேண்டிய புலியை, யானையை, கூட்டத்தை இயந்திரங்கள் கண் மூடித் திறப்பதற்குள் செய்து கொடுத்துவிடும். கோகிலாவோடு வேலை பழகியவர்களில் பலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்த இயந்திரங்கள் படித்த படங்கள் எல்லாம் மனிதக் கண்ணுக்காக எடுத்தவை. யானைக்கு உலகம் எப்படித் தெரிகிறது, மானுக்கு எப்படித் தெரிகிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. அந்த இடுக்கில்தான் தினகரனின் ஸ்டூடியோ பிழைத்துக்கொண்டிருந்தது. விலங்குகளின் கண்ணுக்கு விலங்கு செய்து தருவது. மதுக்கரைக்கு அப்பால் தண்டவாளத்தை ஒட்டி ஒரு ஒளி யானையை நிற்க வைத்து, காட்டு யானைகளை வேறு பக்கம் திருப்பிவிட்டவள் கோகிலாதான். அதற்குப் பிறகு கொஞ்சநாள் ஓய்வாக இருக்கலாம் என்று நினைத்திருந்தாள். கழுத்து வலி தோளுக்கு இறங்கியிருந்தது. கண்ணில் மணல் விழுந்தது போல் ஒரு உறுத்தல், எந்த மருந்துக்கும் போகவில்லை.

அப்போதுதான் தினகரன் இந்த மானைக் கொண்டுவந்தார்.

"வடக்கே இப்பெல்லாம் பனிக்காலத்துல மழை பெய்யுதுங்களாம் கோகிலா. ஆத்து மேல ஐஸு கெட்டியா நிக்கறதில்லீங்களாம். மந்தைக்கு மூத்த மான் ஒண்ணு முன்னால போகும், மத்ததெல்லாம் அது பின்னாலயே போகும். போன வருசம் பழைய தடத்துலயே எறங்கி, ஐஸு ஒடைஞ்சு, பாதி மந்தை தண்ணிக்குள்ள போயிருச்சு. மேக்கால ஒரு பாலம் இருக்குது. அது வழியா கூட்டிட்டுப் போக நம்ம மான் வேணுமாம்."

"ஆளுங்களே ஓட்டிட்டுப் போகக் கூடாதுங்களா?"

"ஓட்டுனா செதறிருமாம். அதுகள்ல ஒண்ணு முன்னால போனாத்தான் மத்தது வருமாம்."

மந்தைப் பாதுகாப்பு என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு நிறுவனம் வேலையைக் கொடுத்திருந்தது. தர்ஷினிக்கும் அங்கேதான் சம்பளம். தண்ணீருக்குள் போன மான்களின் படத்தைத் தினகரன் காட்டியபோது கோகிலாவால் மறுக்க முடியவில்லை.

கொம்பு விஷயம் எளிதாக முடிந்தது. பிறகும் மந்தை அசையவில்லை.

"அக்கா, ஒண்டு கேக்கிறன்," என்றாள் தர்ஷினி ஒருநாள். "பனிமானுக்கு நாங்கள் பாக்காத ஒரு வெளிச்சம் தெரியும், ஊதாவுக்கு அங்கால. அதை நீங்கள் வைச்சனீங்களோ?"

"வெச்சிருக்கேன். வெள்ளை ரோமம் பனி மாதிரியே பளபளன்னு இருக்கு."

"அங்கைதான் பிழை. அந்த வெளிச்சத்திலை பனிதான் மின்னும். ரோமம் மின்னாது. அதுகளின்ரை கண்ணுக்கு ரோமம் கறுப்பு. நீங்கள் செய்தது பனியிலை பனி மாதிரி நிக்குது. அதுகளுக்கு அங்கை மானே இல்லை."

அன்றைக்கு கோகிலா முழு ரோமத்தையும் பிரித்துப் போட்டாள். தான் ஒருநாளும் பார்க்க முடியாத நிறத்தில் ஒரு உடம்பை இழை இழையாகப் பூச ஆரம்பித்தாள். முடிந்தபோது மனிதக் கண்ணுக்கு அது நீலப் புகை மாதிரி இருந்தது. ஊதுவத்தி எரிந்து முடிந்த இடம் போல. இதற்காகவா இத்தனை மாதம் என்று ஸ்டூடியோவில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

எந்த மானையாவது செய்தால் போதாது, மந்தைக்குத் தெரிந்த மானாக இருக்க வேண்டும் என்று மாரெத்தான் சொன்னாள். அவளுடைய மந்தையின் மூத்த பெண் மானுக்குப் பெயர் ஆக்கா. அவர்கள் மொழியில் வயதான பெண் என்று பொருளாம். "எங்கடை அக்கா மாதிரித்தான்," என்று தர்ஷினி சிரித்தாள். ஆக்காவின் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் நடையை, மூச்சை, நடக்கும்போது கால் நரம்பு எலும்பில் உரசிக் கிளம்பும் 'டக் டக்' சத்தத்தை எல்லாம் எடுத்து அனுப்பினார்கள். ஆக்கா படுத்து எழுந்த இடத்துத் துணி ஒன்றையும் சறுக்கு வண்டியில் சுற்றிக் கட்டினாள் மாரெத். வாசனைக்கு.

அந்த வசந்தத்தில் நீலப் புகை முன்னால் போனது. மந்தை தலையைத் தூக்கியது. ஒரு மான் காலெடுத்து வைத்தது. பிறகு எல்லாம் நகர்ந்தன. கரை வழியாக, பாலத்தின் மேல், அங்கிருந்து வலப்பக்கம் இறங்கி, கடற்கரையோரம் நிறுவனம் புதிதாகப் போட்டிருந்த வேலிக்குள், தீவனக் கொட்டிலுக்கு. ஒரு குட்டிகூட நனையவில்லை. ஸ்டூடியோவில் கைதட்டினார்கள். தினகரன் எல்லோருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.

கோகிலா மட்டும் திரையில் தேடிக்கொண்டிருந்தாள். "ஆக்கா எங்க தர்ஷினி?"

"கடைசியிலை வாறா."

"கடைசியிலயா?"

"ஓம். தன்ரை உருவத்துக்குப் பின்னாலைதான் வாறா. மாரெத்துக்கு முகம் சரியில்லை. இவ ஆரின்ரை பின்னாலையும் போனதில்லையாம்."

கோகிலாவுக்குப் பாதாம் பால் இறங்கவில்லை. செத்துப்போவதைவிடப் பின்னால் நடப்பது மேல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த குளிர்காலம் முடியும் தறுவாயில் தர்ஷினி வேலை நேரத்துக்கு வெளியே அழைத்தாள். குரல் அடங்கியிருந்தது.

"அக்கா, ஆக்கள் இருக்கினமோ பக்கத்திலை?"

"இல்ல, சாப்பிடப் போயிட்டாங்க. சொல்லு."

"பாலத்துக்கு இடப்பக்கம் ஒரு மலைச்சரிவு இருக்கெல்லோ. அங்கைதான் இந்த மந்தை எப்பவும் குட்டி போடுறது. நாங்கள் வலப்பக்கம் கூட்டிக்கொண்டு போறம். நேற்று அந்தச் சரிவிலை ஆக்கள் முளை அடிச்சுக்கொண்டு நிண்டவை. என்னெண்டு கேட்டன். சுரங்கம் வரப்போகுதாம்."

"மேய்ச்சல் நிலத்துலயா? விடுவாங்களா?"

"விடமாட்டினம். மந்தை வந்துகொண்டிருக்கிற வரைக்கும் அந்த நிலத்தைத் தொடேலாது. ஆனா தொடர்ந்து ரெண்டு வசந்தம் மந்தை தானா வராமல் விட்டுட்டா உரிமை போயிடும். போன முறை வரேல்லை. இந்த முறையும் வராட்டி முடிஞ்சுது. மான்கள் தாங்களா வழி மாத்திட்டினம் எண்டு எழுதிடுவினம்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள்: "எங்களுக்குக் காசு குடுக்கிறதே அந்தச் சுரங்கக்காரர்தான் அக்கா. எனக்கு நேற்றுத்தான் விளங்கினது."

"மாரெத்துக்குத் தெரியுமா?"

"நான்தான் சொன்னன். கேட்டிட்டு வெளியிலை போய் விறகு கொத்தினா."

கோகிலா எழுந்து தினகரனின் அறைக்குப் போனாள். அவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லி முடிக்கும் வரை ஒரு பருக்கைகூடத் தொடவில்லை.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"ரெண்டு மாசமாத் தெரியுமுங்க."

"ஏனுங்க சொல்லல?"

"சொன்னா நீங்க செய்ய மாட்டீங்கன்னு தெரியுமுங்க." பாக்ஸை மூடினார். "வெளிய ஒக்காந்திருக்கற புள்ளைங்களுக்கு வேற எங்கயும் வேலை இல்லீங்க கோகிலா. எனக்கும் இல்ல. மனுசனுக்குப் படம் போட்டுத் தர மெசினு இருக்குது. மானுக்குப் போட்டுத் தர நாம இருக்கறோம். இதையும் விட்டா எங்க போறதுங்க?"

அவரிடம் கோபப்படலாம் என்று வந்திருந்தாள். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

மானைக் கெடுத்துவிடலாம். ஊதாவுக்கு அப்பாலுள்ள அந்த நிறத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும், மந்தை அதை நம்பாது. ஆனால் ஒளிமானை நம்பாத மந்தை பழைய தடத்தில் ஆற்றுக்குள் இறங்கும். ஐஸ் இந்த வருடம் இன்னும் மெல்லியது. வண்டிக்குப் பாதை போடுவது நிறுவனம்; அதில் கோகிலாவாலும் தர்ஷினியாலும் கை வைக்க முடியாது. அவள் கையில் இருந்தது மானின் உடம்பு மட்டும்தான்; அதன் கால் அசைவுக்கு ஏற்பத்தான் வண்டி நகரும், நிற்கும்.

இரண்டு நாள் ஆக்காவின் பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். வேறு எதையும் யோசிக்க முடியாமல் வெறுமனே பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆக்கா நடந்தது. தின்றது. திரும்பிப் பார்த்தது. பிறகு முன்னங்காலை மடித்து, பெருமூச்சு விட்டு, பனியில் படுத்து அசைபோட்டது. சுற்றிலும் மந்தை ஒவ்வொன்றாகப் படுத்தது.

கோகிலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒளிமான் ஒருமுறைகூடப் படுத்ததில்லை. நேரம் வீணாகும் என்று நிறுவனம் கேட்டுக்கொண்டதால் களைப்பு என்ற ஒன்றையே அவள் அதற்கு வைக்கவில்லை.

தர்ஷினியை அழைத்தாள். "பாலம் தாண்டுனதும் மான் படுத்துட்டா மந்தை என்ன பண்ணும்?"

தர்ஷினி மாரெத்திடம் கேட்டாள். அந்தப் பக்கம் நீண்ட பேச்சு நடந்தது.

"தாங்களும் படுக்குமாம். முன்னுக்குப் போறது எழும்பாட்டி, கனநேரம் பாத்துட்டு, வேறை ஒண்டு எழும்பிப் போகுமாம். அது தனக்குத் தெரிஞ்ச இடத்துக்குத்தான் போகுமாம். குட்டி போடுற இடத்துக்கு. அனேகமா ஆக்கா எழும்புவா எண்டு மாரெத் சொல்லுறா. தன்ரை இடத்தை அவ திரும்ப எடுத்திடுவாவாம்."

"அந்தச் சரிவுல கால் வெச்சா போதுமா?"

"மான்களின்ரை காதிலை குத்தியிருக்கிற அடையாளப் பொட்டாலை அதுகள் வந்தது தானா பதிஞ்சிடும். ஆரும் மறுக்கேலாது." பிறகு தயங்கினாள். "என்ரை வேலை போயிடும் அக்கா. பரவாயில்லை. செய்யுங்கோ."

களைப்பைச் செய்வது சுலபமாக இருந்தது. கோகிலா அதுவரை செய்த எதுவும் அவ்வளவு சுலபமாக வந்ததில்லை. காலின் 'டக் டக்' சத்தம் எங்கே தாமதமாகும், தலை எப்போது தாழும், இடுப்பு எந்த அடியில் கொஞ்சம் சரியும், எல்லாம் யோசிக்காமல் விரலில் வந்தன. பாலத்தின் ஏற்றத்தில் களைப்பு ஏற ஆரம்பித்து, இறங்கி முடிந்ததும் கால் மடியும்படி வைத்தாள். முடித்ததும் தினகரனிடம் கொண்டுபோனாள். அனுப்புவதற்கு முன் அவர் ஒப்புதல் வேண்டும்.

"என்ன மாத்திருக்கீங்க?"

"அசல் மான் படுக்குமுங்க. நம்ம மான் படுக்கறதில்ல. அந்தக் கொறைய சரி பண்ணியிருக்கேனுங்க."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையைப் பார்க்காமலே கட்டைவிரலை வைத்தார். "நான் பாக்கலீங்க," என்றார். எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார்.

மந்தை கிளம்பிய நாளில் கோயம்புத்தூரில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நீலப் புகை கரையோரம் போனது. மந்தை பின்தொடர்ந்தது. பாலத்தில் ஒளிமானின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. மறுகரையில் இறங்கி, சில அடி தள்ளாடி, முன்னங்காலை மடித்தது. வண்டி நின்றுவிட்டது.

மந்தையும் நின்றது. ஒன்று படுத்தது, பிறகு இன்னொன்று. வெள்ளை வெளி முழுக்கப் பழுப்புக் குவியல்கள்.

தினகரனின் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசினார். கதவு வழியாக அவர் குரல் கேட்டது. "ஆமாங்க, படுத்துருச்சுங்க... நிஜ மான் படுக்குமுங்களே... எந்திரிக்க வைக்க எங்களால முடியாதுங்க, அது மானோட இஷ்டமுங்க..." திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஆனால் எதையோ இறக்கி வைத்தவர் போல நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அவ்வளவுதானுங்க. ஒப்பந்தத்த முடிச்சுக்கிட்டாங்க," என்றார்.

கோகிலா தலையாட்டினாள். அவள் கண் ஆக்காவின் மேலேயே இருந்தது. மந்தையின் கடைசியில் நின்ற ஆக்கா இப்போது நடக்க ஆரம்பித்திருந்தது. படுத்திருந்த மான்களுக்கு நடுவே மெதுவாக, அவசரமில்லாமல், முன்னால் வந்தது.

"வாறா, வாறா," என்றாள் தர்ஷினி.

ஆக்கா ஒளிமானிடம் வந்தது. குனிந்து முகர்ந்தது. சரிவின் பக்கம் ஒருமுறை பார்த்தது. பிறகு முன்னங்காலை மடித்து, தன் உருவத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

திரையில் காற்று மட்டும் பனித்தூளை இழுத்துப் போனது. கொஞ்சநேரம் கழித்து, ஓரத்தில் படுத்திருந்த ஒரு இளம் சினை மான் எழுந்து உடம்பை உதறியது. ஆக்காவைப் பார்த்தது. ஆக்கா அசைபோட்டுக்கொண்டிருந்தது. இளம் மான் இடப்பக்கம் திரும்பிச் சரிவில் ஏறியது. இன்னொன்று எழுந்தது. பிறகு வரிசையாக எல்லாம் எழுந்து அதன் பின்னால் போயின. முளை அடித்திருந்த கயிறுகளைத் தாண்டி, அவற்றைக் கண்டுகொள்ளாமல், மேலே.

"பதிஞ்சிட்டுது அக்கா," என்றாள் தர்ஷினி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "எல்லாப் பொட்டும் பதிஞ்சிட்டுது."

"மாரெத் என்ன சொல்றாங்க?"

"அவ ஆக்காவைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா. போன வருசம் இவவின்ரை இடத்தைப் பறிச்சிட்டம் எண்டு தான் கவலைப்பட்டவவாம். இத்தினை வருசமா முன்னுக்குப் போய்க்கொண்டே இருந்தவ. தனக்கு முன்னாலை போக ஒரு ஆளைத் தேடினவவோ எண்டு இப்பதான் யோசிக்கிறன் எண்டு சொல்லுறா."

திரையில் இரண்டு மான்கள் படுத்திருந்தன. ஒன்று புகை, ஒன்று உடம்பு. ஆக்காவின் தாடை மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.

"அக்கா, பற்றரி இன்னும் கொஞ்சம் கிடக்கு. லைட்டை நிப்பாட்டவோ? நிப்பாட்டினா எழும்பிடுவா. மந்தையோடை கொண்டுபோய் விடலாம்."

"மாரெத்துக்கு அவசரமான்னு கேளு."

தர்ஷினி கேட்டாள்.

"அவசரமில்லையாம். அடுப்பு மூட்டிக் கோப்பி போடுறா."

"அப்ப இருக்கட்டும்," என்றாள் கோகிலா. "அவளா எந்திரிக்கட்டும்."